ஜெபித்தால் போதுமாம்!

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற இதழில் மூத்தோர் ஞாயிறு பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘பெரியவர்கள் ஓய்வாக உட்கார்ந்து ஜெபித்தாலே போதும், ஊழியத்தை இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு வரி. கட்டுரையாளர் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த அன்புதான் தைக்கிறது. ஜெபம் என்ன, வேலைக்கு ஆகாதவர்களுக்குப் போட்டுக்கொடுக்கும் சாய்வு நாற்காலியா?

ஜெபிக்கச் சொல்கிறவர்கள் பெயர்களையாவது கொடுக்கிறார்களா? யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், எந்த வீட்டில் பிரசவம், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று பத்துப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டோடு முடங்கியவர்களிடம் சேர்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் வந்து சொல்ல வேண்டும். இந்தப் பின்பாதி பல சபைகளில் நடப்பதே இல்லை. குணமாகி வேலைக்குப் போய்விட்டவருக்காக மூன்று மாதம் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். மரித்தவருக்காகவும்தான், அதுவும் மரித்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கமில்லாத புராட்டஸ்டண்ட் சபையில்!

85 வயதிலும் பெலன் குறையவில்லை என்று மலைநாட்டைக் கேட்ட வேதாகமக் காலேபை நான் இழுக்கப்போவதில்லை. அது ஒவ்வொரு மூத்தோர் ஞாயிறு பிரசங்கத்திலும் வந்துவிடுகிறது. ஆனால் 1 தீமோத்தேயு 5:9ஐ ஏன் யாரும் எடுப்பதில்லை? விதவைகளைச் சபைப் பதிவில் சேர்க்கப் பவுல் சொல்லும் வயது 60க்குக் குறையக்கூடாது. நாம் பெயரை அடிக்கும் வயதில் அவர் எழுதச் சொல்கிறார். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் குழியில் விழுந்து காலொடிந்து, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருடைய பல புத்தகங்களும் கடிதங்களும் அந்த அறையிலிருந்துதான் வந்தன. போப்பையரின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களின் (பிஷப்) ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் திருத்தம் நீதிமன்றம்வரை போனதும் தாங்கள் அறியாததல்ல. அங்கே முதுமை என்றால் அனுபவம். ஞாயிறு பள்ளியில் கதை சொல்லும் கிழவிக்கு வந்தால் மட்டும் ஓய்வா?

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு, மறைக்கவில்லை. பொருளாளர் சாவியை இருபது வருஷம் இடுப்பை விட்டு இறக்காதவர்கள் இருக்கிறார்கள். எண்ணாகமம் 8இல், ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவியர் 50 வயதானதும் பணியிலிருந்து விலக வேண்டும், ஆனால் சகோதரரோடு கூடக் காவல் காக்கலாம் என்றுதான் இருக்கிறது. பாரத்தை இறக்கிவை, கூடாரத்தை விட்டுப் போகாதே என்பதுதான் அதன் பொருள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம் அல்லவா?

சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டில் கொடுக்கும் திருவிருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படுத்தபடி கொடுத்தால் புரையேறும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கட்டைவிரல் நகத்தில் பாதியளவு அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வார்த்தை. அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது. குருவானவர் ஒரே நாளில் பன்னிரண்டு வீடு ஓடுகிறவர், இதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது? கூடப் போய் நிற்கும் வயதான அம்மாமார் கைக்குத்தான் இது தெரியும்.

ஞாபகம் போனவர்களிடம் ‘என்னைத் தெரிகிறதா’ என்று கேட்டு வதைக்காமல், நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, கர்த்தருடைய ஜெபத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று மெதுவாக எடுத்துக்கொடுத்துப் பாருங்கள். மகன் பெயர் மறந்துபோன வாயும் அசையும். புது மொழிபெயர்ப்பு அங்கே எடுபடாது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. மருந்து வேளையில் போகவும் கூடாது. முப்பது வருஷம் வீடு சந்தித்ததில் கற்றது இது. வாலிபர் ஐக்கியத்துக்கு இதில் ஒரு மணி நேர வகுப்பு எடுக்க எந்த முகாமிலும் இடமில்லை. பொன்னாடைக்கு மட்டும் வருஷா வருஷம் இடமிருக்கிறது.

ஆலயத்துக்கு வந்தால் என்ன நிலைமை? ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி வேண்டும். இரண்டடிக்குச் சிமென்ட்டை வழித்து, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, கைப்பிடிக் கம்பியும் இல்லாமல் விட்டால் அது சாய்தளமா, சறுக்குப் பலகையா? மழை நாளில் நடைக்கம்பு அதில் நிற்காது. உள்ளே போனால் திரையில் அருவி ஓடுகிறது. அதன்மேல் வெள்ளை எழுத்தில் கீர்த்தனை. கண்புரை உள்ளவருக்கு அருவி தெரியும், கீர்த்தனை தெரியாது. பாட்டுப் புத்தகங்களை எந்த அலமாரியில் பூட்டினார்கள் என்று கமிட்டியாரைத்தான் கேட்க வேண்டும். காதுக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்கிக் கொடுப்பதில்லை, டிரம்ஸையும் சேர்த்துத்தான் கொடுக்கும். கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பிரசங்கம் கேட்கிறவர்களை, ‘பாட்டி தூங்குகிறார்’ என்று சிரிப்பவர்களும் உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். தங்கள் பத்திரிகையில் வரும் தினசரி வேதவாசிப்பு அட்டவணை ரோஜா நிறத் தாளில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. அதை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் 16 பாயிண்ட் எழுத்தில் போடுங்கள். ‘உட்கார்ந்து ஜெபிக்க’ அதுவாவது வேண்டும். இடமில்லை என்பீர்களானால், அட்டைக்கு உள்பக்கம் முழுவதும் வருகிற வாழ்த்துப் படங்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைபிள் உமன் (வீடு சந்தித்து வேதம் சொல்லும் ஊழியக்காரி),
திருநெல்வேலி மாவட்டம்.