உன் கேப்ஸ்யூலும் அம்மாவின் ஊசியும்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. கிட்னி மாற்றி ஆறு வருஷம் ஓடிவிட்டதா! "அம்மாவுக்கு இன்சுலின் ஊசி, எனக்கு வாயில் போடும் கேப்ஸ்யூல். ரெண்டும் அமினோ அமிலச் சங்கிலிதானே, ஏன்டா இந்த ஓரவஞ்சனை?" என்று கேட்டிருக்கிறாய். கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்கினவன் கேட்கிற கேள்வியா இது? எங்கள் லேபில் இதற்குப் பதில் தேடத்தான் சம்பளமே தருகிறார்கள்.

இன்சுலினை விழுங்கினால் குடல் அதை மீன் துண்டு மாதிரி செரித்துவிடும். உன் கேப்ஸ்யூலில் இருக்கும் சைக்ளோஸ்போரின், மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் காக்கிற மருந்து, வேறு ரகம். 11 அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்தது. நுனி கிடையாது, நொதிகளுக்குக் கடிக்கப் பிடி சிக்காது. அது பாதிக் கதைதான், குடலின் செல்களைத் தாண்டி ரத்தத்துக்கும் போக வேண்டுமே. வளையத்தில் அமிலத்துக்கு ஒன்றாக 11 நைட்ரஜன், அதில் ஏழின் மேல் மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த குட்டித் துண்டு) உட்கார்ந்திருக்கிறது. மிச்ச நான்கும் செல்லின் கொழுப்புச் சுவரைக் கண்டதும் வளையத்துக்குள்ளேயே கைகோத்துக்கொண்டு, தண்ணீரோடு உறவே இல்லாத மாதிரி நடிக்கும். பச்சோந்தி! 1969-ல் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் அள்ளிய மண்ணிலிருந்த பூஞ்சை இதைச் செய்து வைத்திருந்தது. நாங்கள் காப்பியடிக்கப் பார்க்கிறோம்.

அதுவும் லேசில்லை. மெத்தில் ஏறிய நைட்ரஜன் அடுத்த அமிலத்தைக் கிட்டவே விடாது, ராத்திரி முழுக்கக் கலக்க வேண்டும். வளையம் மூட, துளி பெப்டைடுக்கு (அமினோ அமிலச் சங்கிலிக்கு) குடம் கரைப்பான். திருவிழாக் கூட்டத்தில் கை நீட்டினால் பக்கத்து ஆள் கைதான் அகப்படும். ஆளில்லாத மைதானத்தில்தான் தன் கையைத் தானே பிடிக்க முடியும். போன மாதம் மாஸ் ஸ்பெக்டரோமீட்டரில், அதாவது மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில், எடை சரியாக 14 கூடியிருந்தது. மெத்தில் ஏறிவிட்டதென்று டீ வாங்கிக் கொடுத்தேன். ஏறிய இடம்தான் வினை: வளையம் முறுக்கிக்கொண்டு, ஒட்ட வேண்டிய புரதத்தில் ஒட்டவே இல்லை. டீ காசு தண்டம்.

ஆனால் இடம் சரியாக அமைந்தால் சின்ன மாற்றமே போதும். உன் மருந்தின் முதல் அமிலத்தின் வாலை ஒரே ஒரு கார்பன் நீட்டியதுதான் வோக்லோஸ்போரின் என்ற மருந்து. 2021 ஜனவரியில் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) கிட்னியைப் பாதிக்கும்போது கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் அளவு அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை என்கிறார்கள். கிட்னியைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை அதற்கும் உண்டு. அதனால் உன் டாக்டரிடம் போய், "நண்பன் சொன்னான், புதுசு கொடுங்கள்" என்று ஆரம்பிக்காதே. அது மாற்றுக் கிட்னிக்காக அனுமதி வாங்கியதும் இல்லை.

பம்ப்ளிமாஸ் சாப்பிடக் கூடாதென்று உன் டாக்டர் தடுத்தது சும்மா இல்லை. குடல் சுவரில் இந்த மருந்தை உடைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடும், ரத்தத்தில் மருந்து தாறுமாறாக ஏறும். தங்கச்சி வீட்டு மரத்தில் காய்த்துத் தொங்கினாலும் பார்த்துவிட்டு வா.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், கிட்னி எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் ரத்த அளவு, கிரியேட்டினின், எவ்வளவென்று மட்டும் காணோம். அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுதான், தெரிந்ததா?

அன்புடன்,
சேகர்