அழைத்துப் போக வராதே, பார்க்க வா

அன்பு மகனுக்கு,

இந்த வயசில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவில் தனியாக எதற்கு, எங்களோடு வந்துவிடு என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் 'உம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். கோபம் ஒன்றுமில்லை. நீ வேகமாகப் பேசுகிறாய், நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய். எழுத உட்கார்ந்தால்தான் எனக்குச் சரியாக வருகிறது.

மதுரைச் சித்தி உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். அப்பா போன துக்கத்தில் அக்கா ஒரு தீவில் போய் உட்கார்ந்துவிட்டாள், சந்நியாசம் வாங்கிக்கொண்ட மாதிரி. என்னிடமும் இதையேதான் சொன்னாள். சந்நியாசிக்கு எதற்குடா இத்தனை ட்யூப் பெயிண்ட்? அப்பா இருந்திருந்தாலும் வந்திருப்பேன். அவர் குளிரைத் திட்டிக்கொண்டே கூட வந்திருப்பார்.

முதலில் உடம்பு விஷயம், அதுதானே உன் பெரிய கவலை. இங்கத்துப் பெரிய ஊரான கிர்க்வாலில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, 2019இல் கட்டித் திறந்த புதுக் கட்டடம். நான் இருக்கும் ஸ்ட்ரோம்னெஸிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே முடியாததற்கு அபர்டீனுக்கு விமானத்தில் கொண்டுபோவார்கள். பனிக்காலத்துப் புயலில் அது தாமதமாகலாம், அதை உன்னிடம் மறைக்கவில்லை. தெரிந்துதான் வந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தனிமை என்கிறாயே, அதைக் கேட்டால்தான் சிரிப்பு வருகிறது. முன்பு இங்கிலாந்தில் இருந்தேனே, அந்த லெஸ்டரில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் ஒரு வாரம் ஓடிவிடும். இங்கே நான் தும்மினால் மருந்துக்கடைப் பெண்ணுக்கு மறுநாள் தெரிந்திருக்கிறது. ஊருக்கு ஒரே தெருதான், கல் பாவிய குறுகல் தெரு. தபாலாபீசுக்குப் போகிறவரும் மீன் வாங்குகிறவரும் அதில்தான் நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு இங்கே ஃபெரிலூப்பர் என்று ஒரு பெயர் உண்டு. பாதி கேலி, பாதி நிஜம். என்னையும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லட்டும். என்னைப் போல ஓய்வுக் காசோடு வந்து இறங்குகிறவர்களால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல் போகிறது என்ற பேச்சும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் வீடு வாங்கவில்லை. ஒரு பாட்டியம்மாவின் வீட்டில் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவருக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

சரி, ஏன் வந்தேன் என்று கேட்டாயே. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நாள் முழுக்க வரைந்தேன், உனக்கே தெரியும். படங்கள் விற்றன, நாலு பேர் நல்லாயிருக்கு என்றார்கள். ஆனால் கை தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. மரம் என்றால் இந்தப் பச்சை, நிழல் என்றால் இந்த ஊதா, ஓரத்தில் ஒரு கிளையை இழுத்துவிட்டால் படம் முடிந்தது. எதிரில் இருப்பதைப் பார்க்காமலே முடித்துவிடலாம். எழும்பூர்க் கல்லூரியில் எங்கள் வாத்தியார் இதற்குத்தான் ஸ்கேல் எடுப்பார்.

இங்கே மரத்தைப் பார்ப்பதே அபூர்வம். உப்புக் காற்று விடாது, தோட்டச் சுவருக்கு மேல் தலை தூக்கியதெல்லாம் வளைந்துவிடும். ஆக என் பழைய கைவித்தை ஒன்றும் செல்லுபடியாகவில்லை. புல், பாறை, கடல், மிச்சமெல்லாம் வானம். முதலில் வரைந்தவற்றை உனக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

என் ஜன்னலுக்கு நேரே ஹோய் தீவின் மலை. 480 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, நம் ஊர்க் கணக்கில் குன்றுதான். ஆனால் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். இடையில் ஹோய் சவுண்ட் என்கிற நீர்வழி. வற்றும் நேரத்தில் தீவுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்காபா ஃப்ளோ என்கிற உள்கடலின் தண்ணீர் அதன் வழியாக மேற்கே பாயும், அட்லாண்டிக் அலை அதற்கு எதிராக வரும். இரண்டும் மோதும் இடத்தில் தண்ணீர் நின்ற இடத்திலேயே கொதிக்கும். அதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கும்போதே மழை ஒரு பக்கத்திலிருந்து திரை இழுத்தபடி வரும், மலை காணாமல் போகும். கால் மணி நேரத்தில் திரும்ப வரும்போது நிறம் வேறு. எனவே நாலைந்து பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் மாறினால் பலகையும் மாறும். பழைய வெளிச்சம் மறுநாளோ மறுவாரமோ வந்தால் அதே பலகையை எடுத்துத் தொடருவேன். வாட்டர்கலர் இந்த ஈரத்தில் காயவே காயாது, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டித்தான் காய வைக்கிறேன். வெளியே போனால் பலகையை நிறுத்தும் ஸ்டாண்டு காற்றில் நிற்காது. கல் சுவரின் காற்றுப்படாத பக்கம் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்து கிளிப் போடுகிறேன். காற்றில் தெறிக்கும் கடல்நீர் வண்ணத்தில் விழுந்தால் பொடிப்பொடியாக ஒரு தினுசு வருகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் ஒன்றும் புதுசாகச் செய்துவிடவில்லை. ஸ்டான்லி கர்சிட்டர் என்று ஓர் ஓவியர், 1887இல் இந்தக் கிர்க்வாலில் பிறந்தவர். 1913இல் எடின்பரோ தெருவின் சந்தடியைத் துண்டுதுண்டாக உடைத்து வரைந்தவர். அப்புறம் ஸ்காட்லாந்தின் தேசிய கலைக்கூடங்களுக்கு இயக்குநராக இருந்தார். 1948இல், அறுபதைத் தாண்டிய வயதில், அதை விட்டுவிட்டு இந்த ஸ்ட்ரோம்னெஸுக்கு வந்து குடியேறினார். பாறைகளும் கடலும் வரைந்தபடி 1976 வரை வாழ்ந்தார். அவருக்கு இது சொந்த மண், எனக்கு இல்லை, அந்த வித்தியாசம் தெரியாமல் பேசவில்லை. ஆனாலும் 'இந்த வயசில்' என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வருகிறது.

அவரைவிட எனக்குப் பிடித்தவர் சில்வியா விஷார்ட். இதே ஊர்ப் பெண், தபாலாபீசில் வேலை பார்த்துவிட்டு அபர்டீனில் ஓவியம் படிக்கப் போனவர். பிறகு அங்கேயே கற்பித்து, கடைசியில் ஊருக்குத் திரும்பினார். 2008இல் இறந்தார். தன் ஜன்னல் வழியே இதே ஹோய் சவுண்டைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். வெளியே கடலும் கப்பலும், கண்ணாடியில் அறைக்குள் இருக்கும் சாமான்களின் பிரதிபலிப்பு, இரண்டும் ஒரே பரப்பில். எது உள்ளே எது வெளியே என்று நின்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரே ஜன்னலில் இவ்வளவு வேலை இருந்தால் எனக்கு வேறு எங்கே போக நேரம்?

மழை பிடித்துக்கொண்டால் துறைமுகத்தையொட்டி பியர் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கிறது. மார்கரெட் கார்டினர் என்ற பெண்மணி சேர்த்து வைத்த பார்பரா ஹெப்வர்த் சிற்பங்கள், பென் நிக்கல்சன் ஓவியங்கள் எல்லாவற்றையும் இந்தச் சின்ன ஊருக்குக் கொடுத்துவிட, 1979இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டனில் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்த மாதிரி வேலைகளை இங்கே தனியாக நின்று பார்க்கிறேன். காவலருக்கு என் நனைந்த கோட்டு அடையாளம் தெரியும்.

டிசம்பர் கஷ்டம்தான். ஒன்பது மணிக்கு விடிந்து மூணேகாலுக்கு இருட்டிவிடும். அந்த மாதம் வண்ணத்தை மூடிவைத்துவிட்டு கரிக்கோலில் வரைகிறேன். புயலில் கப்பல் வராத நாட்களில் கடையில் ரொட்டி அலமாரி காலியாக இருக்கும். வீட்டில் அரிசி இருக்கிறது, நமக்கென்ன.

லெஸ்டர் வீட்டை விற்கும் விஷயத்தில் நீ சொன்ன விலை சரி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். சோபா, டைனிங் செட் எல்லாவற்றையும் கொடுத்துவிடு. அப்பாவின் புத்தகங்கள் உனக்கு. படங்கள் வைக்கும் அகல இழுப்பறை அலமாரியை மட்டும் யாருக்கும் தராதே, லாரியில் இங்கே வர வேண்டும்.

மே மாதக் கடைசியில் வா. இருட்டவே பதினொரு மணியாகும், உன் பெண்ணுக்குப் பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து எடின்பரோ, அங்கிருந்து இன்வெர்னஸ், பிறகு ஸ்கிராப்ஸ்டரில் கப்பல் ஏறு. ஒன்றரை மணி நேரம்தான். வலப் பக்கமாக இரு, 137 மீட்டர் உயரப் பாறைத் தூண் ஒன்று கடலில் தனியாக நிற்கும், அதைப் பார்க்க மேல்தட்டுக்கே போய்விடு. காற்றடித்தால் கப்பல் ரத்தாகும், ஒரு நாள் கையில் வைத்துக்கொள். புளியும் பெருங்காயமும் கொண்டு வா. திரும்பிப் போக டிக்கெட் எடுக்கும்போது உங்களுக்கு மட்டும் எடு, எனக்கும் சேர்த்து எடுத்துவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா