பாப்பாவுக்கு, அனாட்டமி அரியர் பற்றி

பாப்பா,

அரியர் விழுந்ததை மூன்று நாள் என்னிடம் மறைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் போர்வைக்குள் எத்தனை ராத்திரி அழுதாயோ.

பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை நீ. நர்ஸிங் காலேஜ் போனதும் முதல் செமஸ்டரிலேயே அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் இங்கிலீஷில் வந்து நிற்கிறது. நானும் அதில்தான் விழுந்தேன். இதய வால்வுகளை எத்தனை தடவை எழுதிப் பார்த்தும் மண்டையில் நிற்கவில்லை. எங்கள் ட்யூட்டர் ஒருநாள் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கிவரச் சொல்லி, அதைப் பிளந்து, என் கட்டைவிரலை உள்ளே வைத்து அழுத்தச் சொன்னார்கள். வலது கீழறைச் சுவர் மெல்லிசு. இடது சுவர் நல்ல தடிப்பு. "வலதுக்கு நுரையீரல் வரைக்கும்தான் வேலை. இடது, உடம்பு பூராவும் ரத்தத்தைத் தள்ளணும்ல" என்றார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற வலது வால்வுக்கு மூன்று இதழ், இடதுக்கு இரண்டு. அவற்றை வெள்ளை நூல் மாதிரி நாண்கள் இழுத்துப் பிடித்திருந்தன. அந்த இடது சுவரின் தடிப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

ட்ரிப் கணக்கும் வரவில்லை என்றாய். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள். 500-ஐ 20-ஆல் பெருக்கி, 4 மணி நேரத்துக்கான 240 நிமிஷத்தால் வகு. நிமிஷத்துக்கு 42 சொட்டு. மணியை நிமிஷமாக்க மறந்துதான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது ட்ரிப் செட்டுக்குச் செட்டு மாறும், கவரைப் பார்த்துக்கொள். வார்டு போஸ்டிங் போகும்போது வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, சொட்டு விழுகிற சேம்பரில் எண்ணிப் பார். 15 செகண்டில் பத்து, பதினொன்று விழும்.

நாளைக்கே உன் மென்டர் மேடத்தைப் போய்ப் பார். "ஒண்ணும் புரியல மேடம்" என்று பொதுவாகச் சொல்லாதே, அவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. புரியாத பக்கத்தைத் திறந்து வரியைத் தொட்டுக் காட்டு. ரெமிடியல் கிளாஸ் வைத்தால் முதல் பெஞ்சில் உட்கார். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசாதே, கண்ணு. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கையில் வைத்துக்கொண்டு, எதில் எவ்வளவு கலக்கணும் என்று கேட்கக் கூச்சப்படுகிற நர்ஸாக நீ ஆகிவிடக் கூடாது. கலக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயமே நின்றுபோகும்.

சனிக்கிழமை ஊருக்கு வா. கறிக்கடை பாயிடம் ஒரு இதயம் கீறாமல் முழுசாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கொஸ்டீன் பேப்பரை மறக்காமல் கொண்டுவா.

அம்மா