பழைய காரும் சேஃப்டி சான்றிதழும்: எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம், சாலையில் ஓட்டத் தகுந்த நிலையில் உள்ளதா என்று பார்க்கும் சேஃப்டி பரிசோதனைக்கு எமது கராஜுக்கு வந்து, எம்மால் சான்றிதழ் மறுக்கப்பட்ட சிவப்பு நிற 1966 போமொண்ட் கார் பற்றி ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள உங்களில் பலர் ஏற்கனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒயில் மாற்ற வருபவர்கள்கூட அதைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு, நாம் அநியாயமாக மறுத்தோம் என்ற கதை பரவிவிட்டபடியால், நடந்ததை நாமே எழுதுவது முறையெனக் கருதுகிறோம். உரிமையாளரின் பெயரை எழுத மாட்டோம். ஆறு குளிர்காலங்களைத் தமது வீட்டுக் கராஜிலேயே செலவிட்டு அந்தக் காரை மீட்டெடுத்த அவர்மீது எமக்கு மதிப்பு மட்டுமே உண்டு.

அது எந்தக் கார் என்பதை அறிந்தவர்களுக்கு எமது தயக்கமும் விளங்கும். போமொண்ட் கனடாவுக்கென்றே செய்யப்பட்டது. ஷெவர்லே ஷெவெல் காரின் உடலையும் பொன்ரியாக் காரின் டாஷ்போர்டையும் கொண்டு, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வரும் ஓஷவாவில் உருவானது. அதன் எஸ்டி என்ற உயர் வகையில் 396 கன அங்குலப் பெரிய எஞ்சினும் கிடைத்தது. அப்படியொரு காருக்குச் சான்றிதழ் இல்லையென்று சொல்லும் நாளை எந்த மெக்கானிக்கும் விரும்புவதில்லை.

புதிய காருக்குரிய விதியை வைத்துப் பழைய காரை அளந்தோம் என்பது முதற் குற்றச்சாட்டு. அது சரியல்ல. அந்தக் காரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுடையது. அதாவது ஓரிடத்தில் திரவம் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிறேக் இல்லாமற் போகும். இதைச் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் இந்த வகைக் கார்களில் இரட்டைச் சுற்றுக்கு மாறியது 1967ஆம் ஆண்டுக் கார்களிலிருந்துதான். ஆயினும் அதற்காக நாம் மறுக்கவில்லை. பின் இருக்கையில் தோள்பட்டி இல்லாததற்காகவும் மறுக்கவில்லை. கார் செய்யப்பட்டபோது இல்லாததை இன்று கேட்பதில்லை, இருப்பவை சரியாக இயங்க வேண்டும் என்பதே நாம் பார்க்கும் முறை. பின் பிறேக் டிரம் ஒன்று, 9.5 அங்குல டிரம்மின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கக்கூடிய எல்லையான 9.560 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. பிறேக் திரவம் செல்லும் முன் ஹோஸ்களில் வெடிப்பு இருந்தது. மஃப்ளரைத் தவிர்த்துப் புகையை நேரே வெளியேற்றும் கட்அவுட் ஒன்றும் பூட்டப்பட்டிருந்தது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. இவை ஒரு வார வேலை. உரிமையாளரும் இவற்றை ஏற்றுக்கொண்டார்.

எம்மை நோகச் செய்வது இரண்டாவது கதை. காரின் பாரத்தைத் தாங்கும் உருக்குச் சட்டகம் நல்ல நிலையில் இருக்க, அதில் நாமே துளையிட்டு, அந்தத் துளையைக் காட்டிச் சான்றிதழை மறுத்தோம் என்று சொல்லப்படுகிறது. காரைத் தூக்கியபோது அடிப்பக்கம் முழுவதும் புதிய கறுப்புப் பூச்சு இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பின் அச்சுக்கு மேலாகச் சட்டகம் வளைந்தேறும் இடத்தில் குளிர்கால உப்புச் சேறு உட்புறத்தில் தேங்கி, உள்ளிருந்து வெளியே கறள் பிடிக்கும் என்பது இந்த வகைக் கார்களில் வேலை செய்த எவருக்கும் தெரியும். ஆகவே அந்த இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். இடப்பக்கம் மணிபோல ஒலித்தது. வலப்பக்கம் ஈர மரத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது. அதன் பின்னரே மழுங்கிய கோல் ஒன்றைக் கையால் அழுத்தினோம். அது பூச்சையும், பூச்சுக்குக் கீழே நிரப்பி மெழுகியிருந்த பட்டியையும் (புட்டி), அதற்குக் கீழே எஞ்சியிருந்த கறளையும் கடந்து உள்ளே போயிற்று. நல்ல உருக்கில் எவருடைய கைப்பலத்தாலும் அப்படிச் செய்ய முடியாது. அந்த இடத்துக்கு அருகேதான் பின் அச்சைப் பிடித்து நிற்கும் கைகள் சட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடம் உடைந்துவிட்டால் பின் அச்சு ஒருபுறம் திரும்பிவிடும். படங்கள் எம்மிடம் உள்ளன. உரிமையாளரின் அனுமதியின்றி அவற்றை எவருக்கும் காட்ட மாட்டோம்.

சட்டக வெல்டிங் எமது கராஜில் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வேலையை வேறொருவரிடமே அனுப்பினோம். அதில் எமக்கு ஒரு டொலர்கூட வரவில்லை. வேலைக்காக மறுத்தோம் என்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எமது பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. கோலை அழுத்துவதற்கு முன்னர் உரிமையாளரை அழைத்து, தட்டும் ஓசையை அவர் காதாலேயே கேட்க வைத்திருக்க வேண்டும். அவர் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது துளையை மட்டுமே கண்டார். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது எமக்கு விளங்குகிறது. அதற்காக அவரிடம் நேரிலும் தொலைபேசியிலும் வருத்தம் தெரிவித்துள்ளோம். இனிமேல் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தக் காரையும், உரிமையாளரோ அவர் அனுப்பும் ஒருவரோ அருகில் நிற்கும்போதே பரிசோதிப்போம்; அதனால் இத்தகைய கார்களுக்கு முன்பதிவும், சற்றுக் கூடிய கட்டணமும் தேவைப்படும்.

சான்றிதழ் 36 நாள்களுக்குச் செல்லுபடியாகும். அது உத்தரவாதம் அல்ல, பரிசோதித்த நாளில் கார் இருந்த நிலையைப் பற்றிய எமது சொல். அதில் இடும் கையொப்பத்துக்கு நாமே பொறுப்பு. அந்தக் காரில் பிள்ளைகளும் ஏறுவார்கள் என்பதை அறிந்துகொண்டு எம்மால் வேறுவிதமாகக் கையொப்பமிட முடியவில்லை.

கதையைக் கேட்ட பின்னரும் ஒன்றும் நடக்காததுபோலத் தமது கார்களைக் கொண்டுவந்து விட்டுச் சென்ற பழைய வாடிக்கையாளர்களுக்கும், முதலில் எம்மிடம் வந்து “என்ன நடந்தது?” என்று கேட்டவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் சிலர் நாம் ஒரேயொரு கார்த் தூக்கியுடன் தொடங்கிய காலத்திலிருந்தே வருகின்றீர்கள். அதை நாம் மறக்கவில்லை.

போமொண்டின் சட்டகத்துக்குப் புதிய உருக்குத் துண்டு வைத்து வெல்டிங் முடிந்துவிட்டது. டிரம்மும் ஹோஸ்களும் வந்துள்ளன. உரிமையாளர் விரும்பினால் வரும் சனிக்கிழமை காலையில் முதலாவது தூக்கி அவருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். மறுபரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

இங்ஙனம்,
கராஜ் உரிமையாளரும் பணியாளர்களும்