பிடி அரிசிப் பானை

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, உடனே பதில் போடலன்னு கோவப்படாத. மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் எனக்கு நிம்மதி, இங்க வீட்ல தினமும் ஜெபத்துல அவங்க பேர சொல்லிட்டுதான் இருந்தா.

நான் ரிட்டையர் ஆனதுல இருந்து நம்ம சர்ச் கோயில் பக்கத்து ஷெட்ல சாயங்காலம் டியூஷன் எடுக்கேன்ல, இப்போ 23 பிள்ளைங்க வருது. பாதி பனையேறி வீடு, மீதி பீடி சுத்துற வீடு. அதுல ஒரு பிள்ளைய பத்தி உனக்கு சொல்லியே ஆகணும். நாலாம் கிளாஸ். முதல் நாள் தமிழ் புக்க குடுத்து வாசிக்க சொன்னேன், கடகடன்னு வாசிச்சா, ஒரு எழுத்து தப்பல. எனக்கு என்ன தோணுச்சோ, பக்கத்து மேல கைய வச்சு மறைச்சேன், அவ பாட்டுக்கு வாசிச்சிட்டே போறா லே! மத்த பிள்ளைங்க சொல்ல கேட்டு கேட்டு பாடம் பூரா மனப்பாடம், ஆனா எழுத்து ஒண்ணு கூட தெரியல. நாலு வருஷமா அவ விரல் எந்த வரில நிக்குதுன்னு யாரும் பாக்கல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல மக்கா.

நீ எழுதியிருந்தல்லா, மிஷனரிங்க மதம் மாத்தத்தான் ஸ்கூல் கட்டுனாங்கன்னு உன் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருன்னு. சுவிசேஷம் சொல்லத்தான் வந்தாங்க, அத நாம மறைக்க வேண்டாம். ஆனா 1841ல கால்டுவெல் பாதிரியார் இடையன்குடிக்கு வந்தப்போ அந்த செம்மண் தேரிக்காட்டுல பனையேறி பிள்ளைங்கள எவன் பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக் குடுத்தான்? அவர் சம்சாரம் எலைசா அம்மா பெண் பிள்ளைங்களுக்கு போர்டிங் ஸ்கூல் நடத்துனாங்க, எழுத்தோட லேஸ் பின்னவும் கத்துக் குடுத்தாங்க, கையில தொழில் இருந்தா நாளைக்கு நாலு காசு பாக்கும்னு. 1876ல இருந்து ரெண்டு வருஷம் தாது வருஷப் பஞ்சம் வந்து பிள்ளைங்க அனாதையா நின்னப்போ நாசரேத்துல மர்காஷிஸ் ஐயர்னு இன்னொரு மிஷனரி சோறும் போட்டு தொழிலும் படிக்க வச்சார், அந்த தொழிற்பள்ளி 1878ல ஆரம்பிச்சது. போன மாசம் இடையன்குடி போயிருந்தேன், கட்டி முடிக்க 33 வருஷம் ஆன கோயில்ல அது, உள்ள போய் கால்டுவெல் கல்லறை பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

வெளிநாட்டு பணத்துலதான் எல்லாம் நடந்துச்சுன்னு சொல்றதுதான் எனக்கு ஒத்துக்க முடியல. நம்ம ஆச்சிமாரு உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசிய தனிப் பானைல போட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு கொண்டு வருவாங்கல்லா, உனக்கு ஞாபகம் இருக்கா, உங்க வீட்டு அடுக்களைல அந்த மூடி உடைஞ்ச பானை? 1903ல வெள்ளாளன்விளை ஊர்க்காரர் அசரியாவும் கூட்டாளிகளும் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ நம்ம ஆளு, நம்ம காசுன்னுதான் ஆரம்பிச்சாங்க, இங்க இருந்து காணிக்கை தெலுங்கு நாட்டுல டோர்னக்கல் வரைக்கும் போச்சு. தானே இல்லாதப்பட்டவங்க இன்னொரு இல்லாதப்பட்ட ஊருக்கு குடுத்தது லே அது.

இப்போ நம்ம சர்ச் பெண்கள் ஐக்கியம் அந்த பிடி அரிசிய மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. டியூஷன் முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு கஞ்சியும் பயறும். 2024 ஜூலைல இருந்து கிராமத்து எய்டட் ஸ்கூலுக்கும் அரசாங்கம் காலை சாப்பாடு குடுக்குது, மத்தியானம் சத்துணவு ஏற்கனவே உண்டு, பெரிய காரியம்தான், ஆனா ராத்திரி பட்டினியா படுக்கிற பிள்ளை இன்னும் இருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம். டவுன்ல இருந்து ஒரு குரூப் வந்து பேக் குடுத்தாங்க, நல்லதுதான், ஆனா பிள்ளைங்கள ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, நான் சொன்ன அந்த நாலாம் கிளாஸ் பிள்ளை பேக்க நெஞ்சோட அணைச்சிட்டு தலைய குனிஞ்சே நின்னா. அடுத்த தடவை வந்தா போட்டோ வேண்டாம்னு நேராவே சொல்லிருவேன்.

அவளுக்கு அவ பேர்ல உள்ள எழுத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன், நாலு எழுத்துக்கு ஒரு வாரம் ஆச்சு. நேத்து பஸ் ஸ்டாப்புல நிக்கேன், பின்னால இருந்து ஒரு சத்தம், "தி... சை... யன்... விளை!" திரும்பி பாத்தா அவ, பஸ் போர்டு மேலயே கண்ணு. இந்த தடவை நான் எதையும் மறைச்சு பாக்கல.

மே மாசம் வரும்போது எனக்கு வேட்டி சட்டைன்னு ஒண்ணும் வாங்காத. நாலு கோடு நோட்டு ரெண்டு கட்டு, பென்சில் ரெண்டு டப்பா போதும். கணக்கு நீதான் எடுக்கணும், உன்ன மாதிரி பின்னம் சொல்லிக் குடுக்க இங்க ஆள் இல்ல. மதினிய மாடிப்படி ஏற விடாத.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு கூட்டாளி