இந்தியாவிலிருந்து திரும்பி வருபவர்கள் பற்றி, மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திருகோணமலை அரசாங்க அதிபர் அவர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வரும் குடும்பங்களின் நிலை உங்களுக்குப் புதிதல்ல. பெயர்ப் பட்டியல்களும் கூட்டக் குறிப்புகளும் உங்கள் கோவைகளிலேயே இருக்கின்றன. போர் துரத்திய 1990இலும் 2006இலும் யார் ஏன் வள்ளம் ஏறினார்கள் என்று நான் திரும்பவும் விளக்கப் போவதில்லை. போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதம்தான் இதை எழுத வைத்தது. என் அண்ணாவின் மகளுடைய பிரசாவுரிமைப் பதிவு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தகப்பனின் பெயர் பொருந்தவில்லையாம். கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வாசித்துச் சொன்னதால்தான் காரணமாவது தெரிந்தது.

பெயர் ஏன் பொருந்தவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போடுவது வழக்கம். அண்ணா இந்த மாவட்டத்துச் சம்பூரிலிருந்து ஓடி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது பதிந்தவர்கள் அப்படித்தான் ஓர் எழுத்தைப் போட்டுப் பதிந்தார்கள். முகாம் அட்டையிலும், பிறகு கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் அதே பெயர்தான். இங்கே அண்ணாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எங்கள் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. போதாததற்கு, அந்தக் காலத்துப் பதிவாளர் 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள' போட்டு வைத்திருக்கிறார். சத்தியக் கடதாசி கேட்டார்கள், சமாதான நீதவானிடம் முடித்துக் கொடுத்தோம். அப்புறம் அதற்கு மொழிபெயர்ப்புக் கேட்டார்கள், அதையும் கொடுத்தோம். இப்போது மறுபடியும் பெயரிலேயே வந்து நிற்கிறது.

பிள்ளை பிளஸ் டூவில் வணிகப் பிரிவு படித்தவள், நல்ல புள்ளிகள். டவுனில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். தேசிய அடையாள அட்டை இல்லாததால் அவளுக்கு வங்கிக் கணக்கு இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கும் பதிய முடியாது என்று முதலாளி சொல்கிறார். சம்பளப் பட்டியலில் அவள் பெயரே கிடையாது. பின்னேரம் கடை பூட்டும்போது லாச்சியிலிருந்து எண்ணிக் கையில் கொடுக்கிறார்கள், கணக்குப் புத்தகத்தில் 'சில்லறைச் செலவு' என்று எழுதிக்கொள்கிறார்கள். முதலாளியையும் குறை சொல்ல மாட்டேன், வேறு எவரும் அந்த வேலையையும் கொடுக்கவில்லை.

இனி வீட்டுச் செலவு. தமிழ்நாட்டு முகாமில் மாதாமாதம் பணக்கொடை கிடைத்தது. 2021இல் அதைக் கூட்டியபோது குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 இந்திய ரூபாய் என்றாக்கினார்கள். அரிசியும் கிடைத்தது. பெரிய வாழ்க்கை இல்லைதான், ஆனால் மாதம் பிறந்தால் வரும் என்ற நிச்சயம் இருந்தது. அண்ணா விமானம் ஏறிய நாளோடு அது நின்றுபோனது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். கொடுத்த சிறு தொகை பானை சட்டிக்கும் தகரத்துக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2025இல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்றாக்கினார்கள். அண்ணாவின் குடும்பத்தை வந்து பார்க்கும் எவரும் எந்தப் பிரிவு என்று யோசிக்கத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பம் எடுத்த காலத்தில் அவர்கள் நாட்டில் இல்லை. இப்போது கேட்டால், "முதலில் ஆட்களின் பதிவுகளை ஒழுங்காக்கிக்கொண்டு வாங்கோ, பிறகு பார்ப்பம்" என்று பதில் வருகிறது. பதிவு என்றால் பிள்ளையின் பிரசாவுரிமை. அதற்குத் தகப்பன் பெயர். எல்லாம் அந்த 'ழ'வில் போய் முட்டுகிறது.

ஆகவே முதலில் நான் கேட்பது இதுதான். ஆவணம் சரியாகும்வரை உதவியை நிறுத்தி வைக்காதீர்கள். ஒரு குடும்பம் வந்து கிராம உத்தியோகத்தரிடம் பதிந்த நாளிலிருந்தே உலருணவும் ஒரு மாதாந்தக் கொடுப்பனவும் தொடங்கட்டும். ஆவண வேலை அதன் பாட்டில் நடக்கட்டும். போர் முடிந்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு உலருணவும் கூரைத் தகரமும் கிடைத்தன. அப்போது எவருடைய தகப்பன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டு அரிசி மூட்டையைப் பிடித்து வைத்திருக்கவில்லையே.

சட்டம் தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதியச் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் காலத்தை நீட்டவும் அமைச்சருக்கு இடம் கொடுக்கிறது. போரை விடத் தக்க காரணம் வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

2025 மே மாதம் இந்தியாவிலிருந்து பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு முதியவரை, பல வருடங்களுக்கு முன் முறைப்படி நாட்டை விட்டுப் போகவில்லை என்று கைது செய்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். குண்டு விழும்போது கடவுச்சீட்டு வரிசையில் நின்றிருக்க வேண்டும் போலும். நிலாவெளிக்கு வெயில் காய வரும் வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே இணையத்தில் வீசா எடுக்கிறார், நல்லது, வரட்டும், எங்கள் பெடியளுக்கும் வேலை கிடைக்கும். சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து சூரிய மின் நிலையம் அமைக்க 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள், 120 மெகாவோட். இந்தியாவிலிருந்து மின் நிலையம் வர சம்பூரில் வழி இருக்கிறது. இந்தியாவிலிருந்து சம்பூர்க்காரன் வரத்தான் இத்தனை தடை. அரசு பிடித்து வைத்திருந்த சம்பூர்க் காணி 2015இல் விடுபட்டபோது இங்கே இருந்தவர்களுக்கு வீட்டுத் திட்டம் வந்தது. அண்ணா அப்போது அக்கரையில். இப்போது கேட்டால் "அந்தத் திட்டம் முடிஞ்சுது". தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை காலம், எங்களுக்கு வரும் கடிதத்துக்கு அது இன்னும் தெரியவில்லை. நமது ஊர்ச் சங்கங்களையும் விட முடியாது. கோபுரத்துக்கு வெளிநாட்டுக் காசு திரட்டும் வேகத்தில் பாதி இருந்தால் வந்த குடும்பத்துக்கு ஒரு மலசலகூடமாவது எழும்பியிருக்கும்.

மன்னிக்க வேண்டும், கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் கந்தோர்களில் வேலை செய்யும் பலர் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்கள்தான். எங்கள் கிராம உத்தியோகத்தர் தன் கையால் எழுதித் தந்த வதிவிடக் கடிதத்தால்தான் கடைசிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிந்தது. அவர் செய்ததை மாவட்டம் முழுவதற்கும் நடைமுறையாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை வைத்தே உலருணவும் கொடுப்பனவும் தொடங்கட்டும். திரும்பி வந்தவர்களின் பெயர்த் திருத்தம், பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, அஸ்வெசும மேன்முறையீடு எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கும்படி மாவட்டச் செயலகத்தில் ஒரு மேசையும், தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும், கிழமையில் ஒரு நாளும் ஒதுக்குங்கள். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு எங்கள் சார்பில் அந்த மேசையே எழுதட்டும். இரவு பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கிக்கொண்டு நாங்கள் போய் நிற்பதை விட அது சுலபம்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, முடிவு என்னவாக இருந்தாலும் எழுத்தில் அறியத் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆவணங்களின் பிரதிகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன, கூப்பிட்டால் அன்றைக்கே கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் உறவினன்,
திருகோணமலை