பனி டயர் மாற்றக் கிளம்பிய நண்பனுக்கு

வேலூர்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அறுபதைத் தாண்டிய பிறகு, கூரை திறக்கும் இரண்டு இருக்கை போர்ஷே பாக்ஸ்டர் வாங்கியிருக்கிறாய். பழைய கார்தான், 987 மாடல்தான் என்று நீ எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் என் வீட்டில் எவரும் நம்பத் தயாராக இல்லை. என் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் காய்கறிப் பையை எங்கே வைப்பார்கள்?" என்றுதான் கேட்டாள். முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, நடுவில் என்ஜின் என்று விளக்கினேன். அதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பணிமனையில் நாள் கிடைப்பதற்குள் ஜெர்மனியில், உன் ஸ்டுட்கார்ட்டில் பனி விழுந்துவிடும், கோடை டயரைக் கழற்றிப் பனி டயரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா என்கிறாய். தாராளமாக மாற்றலாம், ஆனால் ரிம்மோடு சேர்த்து முழுச் சக்கரமாக. ஒரே ரிம்மில் கோடை டயரைக் கழற்றிப் பனி டயரை ஏற்றுவது வீட்டில் செய்கிற வேலை அல்ல. உன் கார் டயருக்குப் பக்கச்சுவர் குட்டை, விறைப்பும் அதிகம். கையால் லிவர் போட்டு நெம்பினால் ரிம் கீறும், டயரின் விளிம்புக் கம்பி கெடும். ஏற்றி முடித்த பிறகு, சக்கரத்தின் எடையைச் சமன்செய்கிற பேலன்சிங் எந்திரத்துக்கு எங்கே போவாய்? ஆகையால் முதல் செலவு இரண்டாவது ரிம் செட். அதில் கஞ்சத்தனம் பார்க்காதே.

இப்போது 18 அங்குல ரிம்மில் முன்னால் 235/40, பின்னால் 265/40 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது) போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். பனிக்கு 17 அங்குலம் எடு. முன்னால் 205/55, பின்னால் 235/50. அதுவும் உன் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுதான். பார்ப்பதற்கு கம்பீரம் குறையும், அதைப் பொறுத்துக்கொள். அகலம் குறைந்த டயர் சேற்றுப் பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். அகலமான டயர் அதன் மேலேறி மிதக்கும். பக்கச்சுவர் கொஞ்சம் உயரமாக இருந்தால், பனி மூடிய குழியில் விழும்போது ரிம்முக்கும் அடி குறைவு.

என் பிழைப்பே ரப்பர் கலவைதான் என்பது உனக்குத் தெரியும். காட்பாடியில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் இறங்கி, இச்சிப்புத்தூர் டயர் ஆலைக்குப் போய் வந்தே தலை நரைத்தவன் நான். அங்கே எங்கள் எதிரி வெயில். கத்திரியில் வேலூர்க் காற்றே 42, 43 டிகிரியைத் தொடும். தார் ரோடு 60ஐத் தாண்டும். அதன்மேல் பாரம் ஏற்றிய லாரி ஓசூரிலிருந்து சென்னை வரை நிற்காமல் ஓடும்போது, டயர் உள்ளுக்குள் வெந்து அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும். சூடு ஏறாத கலவை எது என்பதே எங்கள் பேச்சு. குளிரில் ரப்பர் என்ன ஆகும் என்று எங்கள் கூடத்தில் எவரும் கவலைப்பட்டதில்லை. அதனாலோ என்னவோ, பனி டயர் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆசை.

உன் பக்கத்து வீட்டுக்காரர், பனி விழுந்தால்தானே பனி டயர், இன்னும் விழவில்லையே என்றாராம். அவர் சொன்னது தவறு. காரணம் பனி அல்ல, குளிர். ரப்பர் என்பது எப்போதும் இளக்கமாகவே இருக்கும் பொருள் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் கண்ணாடி போல உடைகிற நிலைக்குப் போய்விடும். இயற்கை ரப்பருக்கு அது ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரி. பாலிபியூட்டடீன் என்கிற செயற்கை ரப்பருக்கு மைனஸ் 100 வரை போகும். ஸ்போர்ட்ஸ் காரின் கோடை டயரில் போடுகிற கலவை வேறு வகை. ஈர ரோட்டில் இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அதன் அந்த உடைகிற வெப்பநிலையை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். உடைகிற நிலைக்கு அது மெல்ல மெல்லத்தான் போகும். ஆனால் 7 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கிவிடும். 7 என்பது கத்தியால் வெட்டிய கோடு அல்ல, கைக்கணக்கு. இன்னும் கீழே, கடுங்குளிரில், அந்த வகை டயர் அசைந்தாலே விரிசல் விடலாம் என்று தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். காலை 2 டிகிரியில், ஒரு துளிப் பனியும் இல்லாத உலர்ந்த ரோட்டில்கூட, உன் விலை உயர்ந்த கோடை டயர் ஆறிப்போன பரோட்டாவாக விறைத்துக் கிடக்கும்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது உனக்கு நினைவிருக்கும். விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மன், அதன் ராக்கெட் மூட்டுகளை அடைக்கிற ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றை இடுக்கியில் இறுக்கி, பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் முக்கி எடுத்தார். இடுக்கியைத் தளர்த்தியபோது அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. ஆலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் அமிழ்ந்து, நொடிக்குள் மீள்வதைத்தான் நாம் பிடிப்பு என்கிறோம். மீளாத ரப்பர் வழுக்கும்.

பனி டயரில் இயற்கை ரப்பரும் பாலிபியூட்டடீனும் கூடுதல், சிலிக்காவும் அதிகம். எனக்குப் பிடித்த சங்கதி இதுதான்: லாரி டயரில் உள்சூடு ஏறக் கூடாது என்று நாங்கள் அள்ளிப் போட்ட அதே இயற்கை ரப்பர், அங்கே குளிரில் இறுகக் கூடாது என்று போடப்படுகிறது. பால் வடிக்கிற மரமோ கன்னியாகுமரிப் பக்கத்து வெதுவெதுப்பை விட்டால் பிழைக்காது. உறைபனியைத் தாங்காது. டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளான பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதைப் பார்த்திருப்பாய். அவை பனியைக் கவ்விக்கொள்ள. கவ்விய பனி ரோட்டுப் பனியோடு ஒட்டும். வெறும் ரப்பரைவிடப் பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். பனி டயரை முதலில் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1934ல் லாரிகளுக்கும், 1936ல் கார்களுக்கும். கைப்பேசிப் பெயராக நமக்குப் பழகிய அதே நோக்கியா ஊரில்.

வாங்கும்போது பக்கச்சுவரைப் படி. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்க வேண்டும். சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருள்படும் வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்தை உங்கள் ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து ஏற்பதில்லை. நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டு 35ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் விடும். நான் விட மாட்டேன், 4க்குக் கீழே போனால் பனியில் அது பனி டயரே இல்லை. வேக எழுத்து வி என்றால் 240 கிலோமீட்டர் வரை. உன் கார் அதற்கு மேலும் போகுமாமே, அப்படியானால் கண்ணில் படும் இடத்தில் அந்த வேக வரம்பை எழுதிய ஒரு வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் வயதுக்கு அந்த வில்லை தேவைதான்.

இனி வேலை. சமதளத்தில் செய். உன் வீட்டு வாசல் சரிவு படத்திலேயே தெரிகிறது, அங்கே வேண்டாம், கராஜுக்குள் செய். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. கார் தரையோடு தரையாக இருப்பதால் சாதாரண டிராலி ஜாக்கி அடியில் நுழையாது. முதலில் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்திக்கொள். ஜாக்கி வைக்கக் கம்பெனி குறித்த இடங்கள் உண்டு, அங்கே மட்டும், நடுவில் ஒரு ரப்பர் அட்டை கொடுத்து. வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான். கழற்றிய சக்கரத்தை காருக்கு அடியில் படுக்க வை; அது நுழையாவிட்டால் கட்டைகளை அடுக்கு. லாரி ஷெட்டில் ஸ்டெப்னியை அடியில் தள்ளிவிட்டுத்தான் கை வைப்பார்கள். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் உடம்பை நுழைக்கிறவனிடம் எனக்குப் பேச்சே இல்லை.

போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடு, பிறகு தூக்கு. ஐந்தில் ஒன்று திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு போல்ட்டாக இருக்கலாம். அதற்குரிய சாவித் துண்டு கார் கருவிப் பையில் இருக்கிறதா என்று வேலை தொடங்குமுன் பார். சக்கரம் மையத்தில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், போல்ட் இரண்டைத் தளர்வாக விட்டு, ரப்பர் சுத்தியலால் டயரைச் சுற்றித் தட்டு. வந்ததும், சக்கரம் உட்காரும் தட்டைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்.

லாரியில் ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சக்கரத்தைத் தொங்கவிட்டு நட் போடலாம். உன் காரில் ஸ்டட் கிடையாது. போல்ட் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கி மறு கையால் துளை தேடினால் இடுப்பும் போகும், டிஸ்க்கிலும் இடிக்கும். மேல் துளையில் திருகிக்கொள்ளும் நீண்ட வழிகாட்டிக் கம்பி கிடைக்கும், கட்டாயம் வாங்கு. போல்ட்டை முதலில் விரலால் திருகு. சில சுற்றுகளுக்கு ஸ்பேனரைத் தொடவே கூடாது. பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில். கீழே இறக்கியபின், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து 130 நியூட்டன் மீட்டர். உன் மாடலுக்கு அதுதான். அடுத்து வந்த 981க்கு 160 என்பதால், எவனோ சொன்னதைக் கேட்டு முறுக்காதே, கையேட்டைத் திறந்து பார். டயரில் சுழலும் திசைக்கு அம்பு இருந்தால் அதையும் பார்த்து மாட்டு. முன் சக்கரம் முன்னால், பின் சக்கரம் பின்னால், அளவே வேறு.

காற்றை, வண்டி ஓடி நின்ற சூட்டில் அளக்காதே. பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.1 பார் குறையும் என்பதால், அக்டோபரில் சரியாக இருந்தது ஜனவரியில் குறைவு. 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ரென்ச் வை. புது டயர் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போ. அச்சிலிருந்து எடுக்கப் பூசுகிற வழுவழுப்பு தேய வேண்டும்.

கழற்றிய கோடைச் சக்கரங்களில் சுண்ணக்கட்டியால் மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று எழுதிவிடு. கல் பொறுக்கி, கழுவி, காய வைத்து, வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் அடுக்கு. ரிம்மோடு இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். பக்கத்தில் மின்மோட்டார் ஓடினால் அங்கே வேண்டாம். அதில் வரும் ஓசோன் ரப்பரைத் தின்னும்.

நம்மூர்ச் செய்தி கேட்டிருந்தாய். மழை நன்றாகவே பெய்தது. 2021 நவம்பரில் ஓடிய அளவுக்கு பாலாறு இல்லை, ஆனாலும் மணல் தெரியாத அளவு தண்ணீர். ஆற்றில் நீரில்லை, கோட்டையில் சாமியில்லை என்று நம்மூரைக் கேலி செய்தவர்கள் இப்போது என்ன சொல்வார்களோ. ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குத் திரும்பிவிட்டார். மாவட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. நாம் படித்தபோது வட ஆற்காடு. இன்று அதில் எத்தனை மாவட்டம் என்று பேரனுக்குச் சொல்ல விரல் மடக்க வேண்டியிருக்கிறது. பேரனோடு ஏலகிரிக்குப் போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரி, காரி, ஓரி என்று பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே வந்தான். உன் கார் அந்த வளைவுகளில் நன்றாகத்தான் ஓடும். அங்கே போவதற்கு முன்பே, சத்துவாச்சாரி வேகத்தடையில் வயிறு தட்டி நின்றுவிடும்.

அக்கா மகன் பைபாஸில் டயர் கடை வைத்திருக்கிறான், நினைவிருக்கிறதா? வீல் ஸ்பேனரில் ஆள் உயரக் குழாய் சொருகி, அதன்மேல் ஏறிக் குதித்து நட் முறுக்குகிறான். லாரிக்குச் சரி என்று விட்டேன், இப்போது கார்களுக்கும் அதே கூத்து. போல்ட் நீண்டு போகும், டிஸ்க் கோணும் என்றால் சிரிக்கிறான். அடுத்த முறை வரும்போது சாக்லேட் வேண்டாம், என் மனைவியிடம் சர்க்கரையை அடக்கச் சொல்லிவிட்டார்கள் மருத்துவர்கள். அதற்குப் பதில் நல்லதாக ஒரு டார்க் ரென்ச் கொண்டுவா, 40லிருந்து 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது. உன் பனி டயரின் நான்கு இலக்க எண்ணையும் எழுது. பழைய சரக்கைத் தலையில் கட்டியிருந்தால் மாட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் வேலூர் நண்பன்